மாத்தளையில் ஒரு கொரியக் கொப்பி

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் முதல் பஸ் பிடித்து மாத்தளை நகரத்துக்கு வருகிறார் அந்தத் தம்பி. வயது இருபத்து மூன்று. உயர்தரம் வரை படித்தவர். கையில் ஒரு தடித்த கொப்பி. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அடிமட்டம் வைத்து நாலு நிரலாகப் பிரித்திருக்கிறார். முதல் நிரலில் கொரிய எழுத்து. இரண்டாவதில் அதன் உச்சரிப்பு, சிங்கள எழுத்தில். மூன்றாவதில் பொருள், அதுவும் சிங்களத்தில். நாலாவது நிரல் மட்டும் பென்சிலால் எழுதியது. அதுதான் தமிழ்.

கொரியாவுக்கு வேலைக்குப் போக எழுத வேண்டிய மொழிப் பரீட்சைக்கான வகுப்பு அது. நடப்பது சிங்களத்தில். சொல்லிக்கொடுப்பவர் கொரியாவில் நாலு வருடம் பத்து மாதம் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தமிழ்ப் பிள்ளைகள் முகத்தில் குழப்பம் தெரிந்தால் இரண்டாம் தரமும் மெதுவாகச் சொல்லும் நல்ல மனுசன் என்று தம்பி சொன்னார். வகுப்பில் மூன்று நிரலையும் நிரப்பிக்கொண்டு, நாலாவதை இரவில் லயத்து அறையில் உட்கார்ந்து நிரப்புகிறார்.

"சிங்களத்துலயும் வெளங்குதுண்ணே. ஆனா தமிழ்ல எழுதி வச்சாத்தான் மனசுல நிக்குது."

சில சொற்களுக்கு நேரே அந்த நாலாவது நிரல் காலியாகவே கிடந்தது. தமிழில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாத சொற்கள் அவை.

பேச்சோடு பேச்சாகத் தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். கொரியப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் இங்கிலாந்துப் பெண் ஒருவர் தன் ஒற்றை அறை வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். சின்ன அடுப்பு, சலவை இயந்திரம், ஜன்னலுக்கு வெளியே மலை. கொரியத் தெருக்களைப் பார்த்துப் பழகிக்கொள்ளத்தான் தம்பி இப்படியான வீடியோக்களைப் பார்க்கிறாராம். பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவங்களுக்கும் இந்த எக்ஸாம் இருக்காண்ணே?"

இல்லை என்றேன். ஒற்றைச் சொல்லில் முடிகிற பதில்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழமையான வழி ஈ-2 என்ற விசா. அதற்கு ஏழு நாடுகளில் ஒன்றின் கடவுச்சீட்டு வேண்டும்: பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. பிறகு ஒரு பட்டம். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பெரிதில்லை. விலங்கியல் படித்தவரும் போகலாம், நாடகம் படித்தவரும் போகலாம். குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழும் மருத்துவச் சோதனையும் உண்டு. அரசுப் பாடசாலைக்குப் போகிறவர் பெரும்பாலும் நூறு மணித்தியாலத்துக்குக் குறையாத ஆங்கிலம் கற்பித்தல் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

போகிறவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவர்கள். தலையில் கல்விக் கடன், ஊரில் வாடகைக்கு வீடு எடுக்க முடியாத நிலை, உலகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இருபத்து மூன்று வயதில் அந்த ஆசை இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கொரியாவுக்கு அவர்கள் தேவைப்பட்டதற்கும் காரணம் உண்டு. 1990களில் உலகமயமாக்கலை நாட்டின் கொள்கையாகவே அறிவித்த அரசு, 1995இல் 'எபிக்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை அரசுப் பாடசாலைகளுக்கு அழைத்தது. 1997இலிருந்து ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் ஆண்டிலேயே ஆங்கிலம் பாடமானது. நம் பாடசாலைகளிலும் மூன்றாம் ஆண்டில்தான் ஆங்கிலம் முறையாகத் தொடங்குகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாடசாலை முடிந்ததும் பிள்ளைகள் 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் வகுப்புகளுக்குப் போகிறார்கள். நம்மூர் டியுஷன் வகுப்புத்தான், ஆனால் மாடி மாடியாக, இரவு பத்து மணி வரை. ஒவ்வொரு நவம்பரிலும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நடக்கும் நாளில், ஆங்கிலம் கேட்டல் பகுதி நடக்கும் அரை மணி நேரத்துக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வானத்தையே வாய்மூட வைத்துப் பிள்ளைகளை ஆங்கிலம் கேட்க வைக்கும் நாடு அது.

அந்த நாட்டில் இறங்கும் இங்கிலாந்துக்காரரைக் கொரியர்கள் 'சொன்செங்நிம்' என்று அழைக்கிறார்கள். 'சொன்செங்' என்றால் ஆசிரியர். 'நிம்' மரியாதை விகுதி, நம்முடைய 'ஆர்' போல.

தம்பி போகவிருக்கும் பாதை வேறு. கொரியா 2003இல் சட்டம் இயற்றி, 2004 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்திய வேலை அனுமதி முறை அது. இலங்கை அந்த ஆண்டிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் நாமும் ஒன்று. விசாவின் பெயர் ஈ-9. வயது 18க்கும் 39க்கும் இடையில் இருக்க வேண்டும். உற்பத்தி, கட்டுமானம், விவசாயம், மீன்பிடி போன்ற துறைகள். இங்கே எல்லாம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகவே நடக்கின்றன. ஏஜென்சிக்காரருக்கு இடமில்லை, அதனால் ஏமாற்றும் குறைவு. இதை இந்த முறையின் பெரிய நன்மையாகச் சொல்ல வேண்டும். மத்திய கிழக்குக்குப் போய்க் கண்ணீரோடு திரும்பிய நம் பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது.

ஆனால் முதல் படி கொரிய மொழிப் பரீட்சை. வாசிப்பும் கேட்டலும். சித்தியடைந்தாலும் வேலை நிச்சயம் கிடையாது. பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலிலிருந்து கொரிய முதலாளி யாராவது தேர்ந்தெடுத்தால்தான் ஒப்பந்தம், விசா, விமானம். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். அதற்குள் யாரும் கூப்பிடாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டும், கலேவெலப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றுகொண்டும் அந்த இரண்டு வருடத்தை ஓட்டுகிற பையன்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். தொலைபேசி மணி அடிக்கும் ஒவ்வொரு தரமும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 2025இல் கொரியாவின் ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 10,030 வொன். மாதக் கணக்கில் 20,96,270 வொன். சட்டப்படி இது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உரியது. ஆங்கில ஆசிரியர்களின் தொடக்கச் சம்பளமும் இருபது இலட்சம் வொன்னுக்குச் சற்று மேலேதான். ஓவர்டைம் செய்யும் தொழிலாளி மாத முடிவில் ஆசிரியரைவிடக் கூடுதலாகக் கையில் வாங்குவதும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தால் இருவருக்கும், வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், விலகும்போது ஒரு தொகை கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 10,030 வொன் நம் காசில் இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ரூபாவானது. தம்பியின் அம்மா ஒரு நாள் முழுக்கக் கூடை சுமந்து கொழுந்தெடுத்து வாங்குவதைவிட, மகன் அங்கே ஒரு மணித்தியாலத்தில் வாங்குவது அதிகம். இந்தக் கணக்குத் தெரிந்த எந்தப் பையனையும் "ஏன் போகிறாய்" என்று நான் கேட்க மாட்டேன்.

அப்படியானால் இருவருக்கும் என்ன வித்தியாசம்? ஆசிரியர் ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு எத்தனை வருடமும் இருக்கலாம். விரும்பினால் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிவரலாம். ஈ-9 தொழிலாளி குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஒரு தடவையில் இருக்கக்கூடியது மூன்று வருடமும், நீடித்தால் மேலும் ஒரு வருடம் பத்து மாதமும். ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தவர் குடியுரிமை கேட்கும் தகுதியை நெருங்குகிறார் என்பதால், அந்த இரண்டு மாதத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். வகுப்பு நடத்தும் அந்த நல்ல மனுசன் தன் கொரிய வாழ்க்கையை நாலு வருடம் பத்து மாதம் என்று மாதக் கணக்கோடு சொல்வதன் காரணம் இதுதான்.

வேலையிடம் மாறுவதும் அப்படித்தான். ஈ-9இல் போனவர் முதல் மூன்று வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் மாற முடியாது. அதற்கும் முதலாளியின் சம்மதமோ, சட்டம் ஏற்கும் காரணமோ வேண்டும். இந்தக் கட்டுப்பாடு அடிப்படை உரிமைக்கு முரண் என்று போட்ட வழக்கில், செல்லுபடியாகும் என்று 2021 டிசம்பரில் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆசிரியர்களும் ஒப்பந்தத்தின் நடுவில் நினைத்தபடி விலகிவிட முடியாதுதான். ஆனால் வருடம் முடிந்தால் அவர்கள் கால் அவர்களுடையது.

இருப்பிடத்தைச் சொன்னால் நெஞ்சு கனக்கும். ஆசிரியருக்கு வீடு கொடுப்பது அங்கே வழக்கம். விவசாயப் பண்ணைத் தொழிலாளர் பலருக்குக் கிடைப்பது வினைல் கூடாரத்துக்குள் போட்ட தற்காலிக அறை. 2020 டிசம்பரில் போச்சொன் என்ற ஊரில் கடுங்குளிர் இரவில் அப்படி ஓர் அறையில் கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்து கிடந்தார். அதன் பிறகு அந்த இருப்பிடங்களைப் பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. 2025 ஜூலையில் நாஜு நகரச் செங்கல் தொழிற்சாலை ஒன்றில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல் அடுக்கோடு சேர்த்துக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கிய காணொளி வெளிவந்தது. கொரிய ஜனாதிபதியே அதைக் கண்டித்தார். நம் வீடுகளில் அந்தக் காணொளியைப் பார்த்த தாய்மாரை நினைக்கிறேன்.

அதே கொரியாவில் 2017இல், தீப்பற்றி எரிந்த வீட்டுக்குள் பாய்ந்து தொண்ணூறு வயது மூதாட்டியைக் காப்பாற்றியவரும் ஓர் இலங்கைத் தொழிலாளிதான். அப்போது அவர் விசாக் காலம் கடந்தும் தங்கியிருந்தவர். அடுத்த ஆண்டு அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கொடுத்தது கொரியா. நெருப்புக்குள் போய் வந்த பிறகு கிடைத்த உரிமை அது.

ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று எழுதினால் அது பொய். பதினோராவது மாதத்தில் வேலையை விட்டு நீக்கி, விலகல் தொகையை மிச்சம் பிடிக்கும் ஹாக்வொன் முதலாளிகள் உண்டு. இரவோடிரவாகக் கதவை மூடிவிட்டு ஓடியவர்களும் உண்டு. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கப்பட்டிருந்த எச்.ஐ.வி. சோதனையை நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் எதிர்த்து நின்றார். அவர் பக்கமே நியாயம் என்று 2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் இனப்பாகுபாட்டுக்கு எதிரான குழு சொன்னது. 2017இல் கொரியா அதைக் கைவிட்டது. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்பதையும், தோலின் நிறம் பார்த்து ஆள் எடுப்பதையும் பற்றிக் கறுப்பின, ஆசிய ஆசிரியர்கள் பல காலமாக முறையிடுகிறார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவர் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு அங்கே போனாலும், அந்தப் புகைப்படத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

ஆனால் மாத்தளையில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சித்தியடைய வைத்த ஓர் ஆசிரியை இருந்தால், அவருக்கு அந்தப் புகைப்படம் வரைக்கும்கூடப் போக வழியில்லை. இலங்கை அந்த ஏழு நாட்டுப் பட்டியலில் இல்லை. இந்தியாவுக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் திறந்தது: 2010 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆங்கிலம் கற்பிக்கும் தகுதி பெற்ற இந்தியர் கொரியப் பாடசாலைகளில் உதவி ஆசிரியராகலாம் என்று எழுதப்பட்டது. அதேவேளை ஈ-9 முறையில் இந்தியா இல்லை. ஆகவே தமிழ்நாட்டுத் தமிழருக்கு ஆங்கிலத்தின் பெயரால் ஒரு ஒடுக்கமான வழி. இலங்கைத் தமிழருக்கு உடலுழைப்பின் பெயரால் ஒரு வழி. ஒரே மொழி பேசுகிற இரண்டு கூட்டத்துக்கு இரண்டு கதவு.

யார் யாருடைய மொழியைப் படிக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி மாத்தளைக்குப் புதிதில்லை.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர், மன்னாரில் கரையிறங்கிக் காட்டு வழியாக அநுராதபுரம், தம்புள்ளை தாண்டி நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டார்கள். இன்றைக்கு வானளாவி நிற்கும் முத்துமாரியம்மன் கோபுரத்தைப் பார்க்கிற எவரும் அந்த நடையை நினைக்காமல் இருக்கக் கூடாது. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது. அதற்கு முன்னால் வந்த கால்கள்தான் இந்த மலைகளைத் தோட்டமாக்கின.

அந்தத் தோட்டங்களுக்கு இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்த சின்னதுரைமார் தமிழ் படித்தார்கள். வேலை வாங்க வேண்டுமே. அவர்களுக்காகக் கொழும்பில் அச்சான கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. ஃபெர்குசன் எழுதிய நூல். ஆங்கில எழுத்தில் தமிழ், பக்கத்தில் ஆங்கிலப் பொருள். தம்பியின் கொப்பியைப் போலவே நிரல் நிரலாகத்தான் அந்தக் காலத்துக் கையேடுகளும் இருந்தன. துரை படித்த தமிழில் கட்டளைச் சொற்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

எதிர்த் திசையில் என்ன நடந்தது? 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்டக்காரர் தலையில் வைத்தது. தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் போதும் என்று வைத்தார்கள். ஆங்கிலம் நகரத்து மிஷன் பாடசாலைகளில் இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். இன்றைக்கும் மலைப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியருக்குத் தட்டுப்பாடு. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். கையில் வைத்திருப்பவன் மற்றவனை வெட்டுகிற வாள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாளின் பிடியை யாரும் தொடக் கொடுக்கவில்லை.

கொரியாவுக்குப் போன முதல் ஆங்கில ஆசிரியர்களிலும் ஒருவர் பிரித்தானியர். 1883இல் சோலில் தொங்முன்ஹாக் என்ற அரச மொழிப் பாடசாலை தொடங்கியபோது அங்கே கற்பித்தவர் ஹாலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். பிரித்தானியாவும் கொரியாவும் உடன்படிக்கை செய்துகொண்ட ஆண்டும் அதுதான். அதற்கும் முன்பே, 1877இல், ஜோன் ரோஸ் என்ற ஸ்கொட்லாந்து மிஷனரி மஞ்சூரியாவில் இருந்தபடி கொரிய மொழிக்கு ஓர் அரிச்சுவடி வெளியிட்டிருந்தார். புதிய ஏற்பாட்டின் முதல் முழுக் கொரிய மொழிபெயர்ப்பும் அவர் முயற்சியில் 1887இல் வந்தது. அந்தத் தலைமுறை படித்துக்கொண்டு கற்பித்தது.

அவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் ஓர் அமெரிக்கர், ஹோமர் ஹல்பர்ட். 1886இல் சோலில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். கொரிய எழுத்தின் அழகில் மயங்கி, அந்த எழுத்திலேயே உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். ஜப்பான் கொரியாவை விழுங்கப் பார்த்தபோது, 1907இல் கொரிய மன்னரின் இரகசியத் தூதர்கள் ஹேக் மாநாட்டுக்குப் போகத் துணைநின்றார். 1949இல் முதுமையில் கொரியாவுக்குத் திரும்பிப் போன சில நாட்களில் அங்கேயே இறந்து, சோலில் யாங்ஹ்வாஜின் கல்லறையில் உறங்குகிறார். நமக்கு முக்கியமான செய்தி வேறொன்று: 1905இல் அவர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன மனிதர், அந்த மொழிக்குள் தமிழின் சாயலைக் கண்டார்.

இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்ற அவருடைய முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. 'அப்பா' என்பது அங்கேயும் அப்பாதான், 'புல்' அங்கேயும் புல், 'நாள்' அங்கே 'நால்' என்று பட்டியல் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒலி ஒற்றுமை தற்செயலாகவும் வரும். அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஆனால் வாக்கிய அமைப்பில் ஹல்பர்ட் கண்டது கண்ணுக்கு முன்னால் இருக்கிற உண்மை. 'நா-நுன் பாப்-உல் மொகோ-யோ' என்றால் 'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்'. எழுவாய் முதலில், வினை கடைசியில், 'ஐ' உருபு நிற்கும் இடத்தில் அங்கே 'உல்'. 'ஒஜே ஒன் சாராம்' என்றால் 'நேற்று வந்த ஆள்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நம்முடைய 'வந்த' என்ற பெயரெச்சம் அப்படியே அங்கே 'ஒன்' என்று நிற்கிறது. ஆளுக்கு ஏற்ப வினையின் வாலை மாற்றும் மரியாதையும் உண்டு: வா, வாங்க, வாருங்கள் என்பது போல.

சிங்களமும் இந்த வரிசையில்தான் போகிறது. அதனால் சிங்களப் பையனுக்கும் கொரியம் எளிதாகவே பிடிபடும். தடுமாறுகிறவர் இங்கிலாந்துக்காரர். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் பட்டியலில் கொரியத்தை வைத்து, அதைக் கற்க 2,200 வகுப்பு மணித்தியாலம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிறுவனம். யாருக்குக் கஷ்டமோ அவரிடம் கொரியம் கேட்பதில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கிற பையனிடம் கேட்கிறார்கள். விதிகளை வகுத்தவர்கள் மொழியைப் பார்த்து வகுக்கவில்லை, கடவுச்சீட்டைப் பார்த்து வகுத்தார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கொரிய அரசை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசலாம். கொரிய எழுத்து 1446இல் செஜோங் மன்னர் ஏழைக்கும் எழுத வரவேண்டும் என்று மக்கள் கையில் கொடுத்த எழுத்து. இன்று இருபத்து நாலு அடிப்படை எழுத்துகள்; ஊக்கமுள்ள பிள்ளைக்குச் சில நாட்களில் வாசிக்க வந்துவிடும். அதைத் தமிழ்ப் பிள்ளை தமிழ் வழியாகப் படிக்க மாத்தளையில் வகுப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான் பார்த்த பாடப்புத்தகத்தின் விளக்கங்களும் சிங்களத்திலேயே இருந்தன. சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த நகரத்துப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். எல்கடுவ, இரத்தோட்டை மலைகளில் தமிழ் மட்டுமே புழங்கி வளர்ந்த பிள்ளை, பரீட்சை மண்டபத்துக்குப் போவதற்கு முன்பே பாதித் தூரம் பின்தங்கிவிடுகிறது. தமிழும் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில், அரசின் ஊடாகவே நடக்கும் வேலைவாய்ப்புக்குத் தமிழில் ஒரு பாடப்புத்தகமும், வாரத்துக்கு ஒரு வகுப்பும் கேட்பது அதிகமில்லை. மாத்தளையில் பெயர் சொல்லும்படியான தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகல்களில் அவற்றின் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். கொரியாவில் இருந்து திரும்பிய தமிழ் இளைஞர் ஒருவர் வெண்கட்டியோடு நின்றால் போதும்.

தம்பியிடம் 'நேற்று வந்த ஆள்' உதாரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் சிங்களத்துல மாத்தாமலே நேரா எழுதலாமேண்ணே" என்றார். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னார். கொரியத்தில் 'இங்கே வா' என்பதற்கு 'இரி வா' என்பார்களாம். நட்போடும் சொல்வார்கள், அதட்டியும் சொல்வார்கள். வேலைத்தலத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதையடுத்து 'பல்லி பல்லி'. சீக்கிரம், சீக்கிரம்.

துரைமாரின் அந்தக் கையேட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திருப்பி, 'இரி வா'வுக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினார். 'இங்கே வா' என்றுதான் எழுதியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சந்தித்தேன். இப்போது இன்னொரு கொப்பி. இதில் இரண்டே நிரல்: கொரியம், தமிழ். பழைய கொப்பியிலிருந்து பார்த்துச் சுத்தமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய லயத்தில் இன்னும் மூன்று பையன்கள் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முன்பு காலியாக இருந்த சில இடங்களும் நிரம்பியிருந்தன. 'துவேஜிக்கும்' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார். வேலையை விட்டு விலகும்போது கொடுக்கும் தொகை. ஆசிரியருக்கும் தொழிலாளிக்கும் கிடைக்கும் அதே தொகைதான். அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று பல நாளாகத் தெரியாமல் இருந்தாராம்.

"அம்மாகிட்ட வெவரத்தச் சொன்னேண்ணே. கேட்ட ஒடனே அம்மா சொல்லிட்டாங்க."

சேவைக்காலப் பணம் என்று எழுதியிருந்தது.